ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 இப்ப ஆரம்பிக்கலாமா? அவ்ளோ திட்டு வாங்கின கேமை ஏன் இன்னும் ஆடறாங்க?

கேள்வி இதுதான்: ஸ்டார் வார்ஸ் பட உலகத்துல நடக்கற ஷூட்டிங் கேம், 2017ல வந்தப்ப எல்லாரும் திட்டினது, அப்டேட் நின்னும் பல வருஷம் ஆச்சு, ஆனா இப்பவும் ஆன்லைன்ல மேட்ச்சுக்கு காத்திருக்கற லாபி நிறைய ஆளு இருக்காங்க, ஏன், புதுசா ஆரம்பிச்சா செட் ஆகுமா? நேரா சொல்லிடறேன், ஆரம்பிங்க. ஆனா ஏன்னு புரிஞ்சுக்கிட்டு ஆரம்பிச்சா இன்னும் ரசிச்சு ஆடுவீங்க, அதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

இந்த கேமோட உயிர் எங்க இருக்குன்னா, ஒரு சாதாரண சிப்பாயா மேட்ச்ல இறங்கி, ஓடி, செத்து, மறுபடி வந்து, பாயிண்ட் பாயிண்டா சேர்த்து, கடைசில டார்த் வேடரா எழுந்து நிக்கறீங்களே அந்த ஒரு நிமிஷத்துல இருக்கு. படத்துல வர்ற பெரிய கேரக்டரை, வில்லனா இருந்தாலும், இங்க ஹீரோன்னுதான் சொல்லுவோம், அந்த ஹீரோ இடத்தை எப்படி அடையறோம்ங்கறதுதான் பேட்டில்ஃப்ரண்ட்ங்கற பேர்ல வந்த எல்லா கேமையும் நல்லதாவோ கெட்டதாவோ ஆக்கியிருக்கு. எப்படின்னு சொல்றேன்.

முதல் பேட்டில்ஃப்ரண்ட் 2004ல வந்துச்சு, பாண்டமிக் ஸ்டுடியோஸ் பண்ணது, லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்டது. அடுத்த வருஷமே, 2005ல, ரெண்டாவது பாகம். பழைய ஆளுங்க இன்னிக்கும் கண்ணு கலங்க பேசறது அந்த 2005 கேமைப் பத்திதான். அதுல விண்வெளி சண்டைன்னா சும்மா கப்பல்ல சுத்தி சுடறது மட்டும் இல்ல, எதிரியோட பெரிய கப்பலுக்குள்ள உங்க ஃபைட்டரை இறக்கி, வெளிய குதிச்சு, உள்ள ஓடிப்போய் அவங்க இன்ஜினை வெடிக்க வைக்கலாம். ஹீரோவா ஆடற வாய்ப்பு அந்த மேட்ச்ல நீங்க எப்படி ஆடினீங்கங்கறதைப் பொறுத்து வரும். நல்லா ஆடினா திரையில அழைப்பு வரும், இப்ப நீ ஓபி வான்னு. அந்த உரிமை உழைச்சு வந்தது, அதனால அதுக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு.

மூணாவது பாகம் ஃப்ரீ ராடிகல் டிசைன்ங்கற ஸ்டுடியோகிட்ட பாதி வளர்ந்து 2008 வாக்குல கைவிடப்பட்டுச்சு. தரையில இருந்து நேரா விண்வெளிக்கு பறந்து போற மாதிரி பண்ணிட்டு இருந்தாங்க, பின்னாடி லீக் ஆன வீடியோவைப் பார்த்தா வயிறு எரியும். அப்புறம் 2012ல டிஸ்னி லூகாஸ்ஃபில்மை வாங்கினாங்க, 2013ல இஏங்கற கேம் கம்பெனி கூட ஒப்பந்தம் போட்டாங்க, பேட்டில்ஃபீல்டு பண்ற டைஸ் ஸ்டுடியோ கைக்கு இந்தப் பேர் போச்சு.

2015ல டைஸ் கொண்டு வந்த பேட்டில்ஃப்ரண்ட் பார்க்கறதுக்கு அப்படி ஒரு அழகு. போட்டோகிராமெட்ரின்னு ஒரு முறை, நிஜப் பொருளை எல்லா கோணத்துலயும் நூத்துக்கணக்குல படம் எடுத்து அதுல இருந்து முப்பரிமாண மாடல் கட்டுவாங்க. லூகாஸ்ஃபில்ம் காப்பகத்துல இருந்த ஒரிஜினல் ஹெல்மெட், துப்பாக்கி, கப்பல் மாடலை எல்லாம் அப்படி படம் எடுத்து உள்ள கொண்டு வந்தாங்க. ஹோத்ங்கற பனி கிரகத்துல ஏடி ஏடிங்கற நாலு கால் போர் யந்திரம் நடந்து வர்றதைப் பார்த்து நான் சண்டையை மறந்து நின்னிருக்கேன், உண்மையா. சத்தம் வேற, பிளாஸ்டர் சத்தம் மலையில மோதி திரும்பி வரும்.

ஆனா ஆட்டம் மெலிசா இருந்துச்சு. கதை மோடு இல்ல, கிளாஸ் இல்ல, ஆரம்பத்துல நாலு கிரகம், கொஞ்ச நாள்ல ஜாக்கு இலவசமா சேர்ந்துச்சு, மத்ததெல்லாம் சீசன் பாஸ்னு தனியா காசு குடுத்து வாங்கணும். அதை விட பெரிய தப்பு, ஹீரோவாகணும்னா தரையில எங்கயோ மினுமினுன்னு சுத்தற ஒரு டோக்கனை எடுக்கணும். அவ்ளோதான். யார் கண்ணுல முதல்ல படுதோ அவன் லூக். உயிரைக் குடுத்து இடத்தை காப்பாத்தினவனுக்கு ஒண்ணும் இல்ல, டோக்கன் எங்க வரும்னு தெரிஞ்சு அங்கயே சுத்திக்கிட்டு இருந்தவனுக்கு வேடர். 2005ல உழைப்பா இருந்தது 2015ல அதிர்ஷ்டம் ஆயிடுச்சு.

இதையெல்லாம் சரி பண்றோம்னு சொல்லித்தான் 2017 நவம்பர் 17ல பேட்டில்ஃப்ரண்ட் 2 வந்துச்சு. டைஸ் மல்டிபிளேயர், மோட்டிவ் கதை மோடு, கிரைடீரியன் விண்வெளி சண்டை, மூணு ஸ்டுடியோ சேர்ந்து. மூணு படத்தொகுதியில இருந்தும் கிரகங்கள், நாலு கிளாஸ், காசு குடுத்து வாங்கற மேப் பேக், அதாவது புது சண்டைக்களங்களோட தொகுப்பு, கிடையாது, எல்லாருக்கும் எல்லா மேப்பும். அந்த கடைசி விஷயத்தோட அருமை யாரும் பேசறதில்ல. மேப் பேக் விக்கற ஷூட்டர்ல ஆடறவங்க கூட்டம் ரெண்டா மூணா பிரிஞ்சு, கொஞ்ச நாள்ல மேட்ச் கிடைக்காம செத்துப் போகும். இந்த கேம் இன்னிக்கு வரைக்கும் உயிரோட இருக்கறதுக்கு அது ஒரு பெரிய காரணம்.

முக்கியமா பேட்டில் பாயிண்ட்ஸ்னு ஒரு முறை கொண்டு வந்தாங்க. மேட்ச் உள்ள நீங்க பண்ற ஒவ்வொரு வேலைக்கும் பாயிண்ட் வரும். கில் மட்டும் இல்ல, ஆப்ஜெக்டிவ்ல, அதாவது பிடிக்க வேண்டிய இல்ல காக்க வேண்டிய இடத்துல, நின்னா, கூட்டாளிக்கு உதவினா, ஸ்குவாடுங்கற உங்க சின்ன குழு பக்கத்துல இருந்து சண்டை போட்டா, எதிரி டாங்கை சேதப்படுத்தினா, எல்லாத்துக்கும். அதைச் சேர்த்து செத்ததுக்கப்புறம் வர்ற திரையில செலவு பண்ணலாம். கொஞ்சம் பாயிண்ட்னா ராக்கெட் பேக் கட்டிக்கிட்டு பறக்கற சிப்பாய், இல்ல வூக்கி (உடம்பெல்லாம் முடி இருக்கற பெரிய உருவ இனம்) மாதிரி தடிச்ச ஆளு. இன்னும் சேர்த்தா டாங்க், ஃபைட்டர். நிறைய சேர்த்தா ஹீரோ. 2005ல இருந்த அந்த நியாயம் திரும்பி வந்துச்சு, அதை விட நல்லாவே வந்துச்சு. ஏன்னா இப்ப எதுக்கு செலவு பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணலாம்.

இவ்ளோ அருமையான முறையைப் பண்ணிட்டு அது மேல கொண்டு போய் கடையை வச்சாங்க. மேட்ச் உள்ள பாயிண்ட் சேர்க்கறதுக்கு முன்னாடி அந்த ஹீரோவையே தனியா, ஆடி ஆடி சேர்க்கற கிரெடிட்ஸ்ங்கற கேம் காசைக் குடுத்து திறக்கணும். வேடர், லூக் ஆளுக்கு 60,000 கிரெடிட்ஸ். ஒரு ஹீரோவுக்கு கிட்டத்தட்ட 40 மணி நேரம் ஆடணும்னு ரெடிட்ல ஒருத்தர் கணக்கு போட்டுக் காட்டினாரு. அது மட்டும் இல்ல, உங்க கேரக்டரோட திறமையைக் கூட்டற ஸ்டார் கார்டு பெரும்பாலும் லூட் பாக்ஸ்ங்கற, உள்ள என்ன இருக்கும்னு தெரியாத பரிசுப் பெட்டியில இருந்துதான் வரும், அந்த பாக்ஸை நிஜக் காசுல வாங்கலாம். அதாவது காசு போட்டவன் உங்களை விட வேகமா பவர் ஏத்திக்கலாம். முழு விலை குடுத்து வாங்கின கேம்ல இது.

ஹீரோவை திறக்கறப்ப ஒரு பெருமையும் சாதிச்ச உணர்வும் வரணும்னுதான் அப்படி வச்சிருக்கோம்னு இஏ தரப்புல ரெடிட்ல பதில் எழுதினாங்க. அந்த பதிலுக்கு 6,83,000 டவுன்வோட் விழுந்து, ரெடிட்ல அதிகமா டவுன்வோட் வாங்கின கமெண்ட்னு கின்னஸ்லயே ஏறிடுச்சு. ஹீரோ விலையை 75 சதவீதம் குறைச்சாங்க, 60,000 இருந்தது 15,000 ஆச்சு. அப்பவும் அடங்கல. வெளியீட்டுக்கு முந்தின நாள் நிஜக் காசு வாங்கறதையே மொத்தமா நிறுத்தினாங்க. லூட் பாக்ஸ் சூதாட்டமான்னு பெல்ஜியம் சூதாட்ட ஆணையம் விசாரணையில இறங்கினது அந்த சமயத்துலதான். 2018 ஏப்ரல்ல அவங்க வேற மூணு கேமோட லூட் பாக்ஸ் சட்ட விரோதம்னு சொன்னாங்க, பேட்டில்ஃப்ரண்ட் 2 அதுக்குள்ள அந்த முறையை எடுத்துட்டதால அதுல மாட்டல.

சாதிச்ச உணர்வுன்னு அவங்க சொன்ன வார்த்தையில எனக்கு தப்பே தெரியல. அது எங்க இருந்து வரணுமோ, மேட்ச் உள்ள, அங்க ஏற்கனவே இருந்துச்சு. 20 நிமிஷம் நபூ கிரகத்து தியீட் நகரத் தெருவுல அடி வாங்கி சேர்த்த பாயிண்ட்ல டார்த் மால்ங்கற வில்லனா இறங்கறது சாதனை. 40 மணி நேரம் ஒரே வேலையை திரும்பத் திரும்பப் பண்ணி ஒரு மெனுவுல பூட்டைத் திறக்கறது வெறும் காத்திருப்பு, காசு குடுத்துத் திறக்கறது அதுவும் இல்ல. நல்ல முறை ஒண்ணு உள்ள இருக்கு, அதை ஒரு கெட்ட முறை வாசல்ல நின்னு மறைச்சுடுச்சு. அதான் நடந்தது.

அதனாலதான் 2018 மார்ச்ல வாசல்ல இருந்ததை எடுத்ததும் கேம் மூச்சு விட ஆரம்பிச்சுச்சு. ஸ்டார் கார்டு லூட் பாக்ஸ்ல இருந்து வெளிய வந்துடுச்சு, எந்த கிளாஸை ஆடறீங்களோ அதுலயே லெவல் ஏறி ஸ்கில் பாயிண்ட் வாங்கி கார்டை திறக்கலாம். ஹீரோக்களும் பெரும்பாலும் எல்லாருக்கும் திறந்தாச்சு. திரும்பி வந்த காசு விஷயம் எல்லாம் தோற்றத்துக்கு மட்டும், டிரெஸ் மாத்தறதுக்கு.

அதுக்கப்புறம் டைஸ் டீம்ல இருந்தவங்க பண்ண வேலை இருக்கே, அதுக்கு நான் கையெடுத்து கும்பிடறேன். அவ்ளோ திட்டு வாங்கின கேமை விட்டுட்டுப் போகாம ரெண்டு வருஷம் உட்கார்ந்து வளர்த்தாங்க. 2018 கடைசியில கிரீவஸ், ஓபி வான்னு ரெண்டு ஹீரோ, ஜியோனோசிஸ் கிரகம். 2019 ஆரம்பத்துல டூக்கு, அனகின்னு இன்னும் ரெண்டு ஹீரோ. 2019 மார்ச்ல கேபிடல் சுப்ரிமசி மோடு, செப்டம்பர்ல ஃபெலூசியா மேப், கோ ஆப்ங்கற கூட்டு மோடு, ஆஃப்லைன்ல ஆடற இன்ஸ்டன்ட் ஆக்‌ஷன். 2020 ஏப்ரல்ல ஸ்காரிஃப் மேப்போட பெரிய அப்டேட் எல்லாம் முடிஞ்சுது. சேர்த்த எதுக்கும் மேப் காசு வாங்கல.

கேபிடல் சுப்ரிமசி பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இப்ப ஆரம்பிக்கறவங்க பெரும்பாலும் அதுலதான் வாழ்வீங்க. 20க்கு 20 ஆளு, கூடவே கம்ப்யூட்டரே ஆட்டற ஏஐ சிப்பாய்ங்க சேர்ந்து மொத்தம் 64. தரையில அஞ்சு கமாண்ட் போஸ்ட், அதுல அதிகமா யார் கையில இருக்கோ அவங்க பார் ஏறும். பார் நிறைஞ்சதும் ஜெயிச்சவங்க கப்பல் ஏறி எதிரியோட பெரிய கப்பலுக்குள்ள போவாங்க, குளோன் வார்ஸ் காலத்து மேப்ல மட்டும்தான் இந்தக் கப்பல் கட்டம். உள்ள ஒடுக்கமான காரிடார்ல சண்டை, முக்கியமான சிஸ்டத்தை உடைச்சா ஜெயம், தடுத்துட்டாங்கன்னா எல்லாரும் மறுபடி தரைக்கு. சில மேட்ச் முக்கால் மணி நேரம் இழுக்கும், நடுவுல தண்ணி குடிக்கக் கூட கை எடுக்க மனசு வராது. 2005ல கப்பலுக்குள்ள இறங்கி உடைச்சோமே அந்த ஞாபகத்தை வேற வழியில திருப்பிக் குடுத்த மோடு இது. ஏஐ இருக்கறதால புதுசா வர்றவனுக்கும் நாலு கில் கிடைக்கும், பாயிண்ட் சேரும், ஒரு தடவையாவது ஹீரோவா நிப்பான். அந்த முடிவு எவ்ளோ புத்திசாலித்தனம்னு ஆட ஆடத்தான் தெரியும்.

கேலக்டிக் அசால்ட் வேற ருசி. அதுவும் 20க்கு 20தான், ஆனா ஒருத்தர் தாக்கணும் ஒருத்தர் தடுக்கணும், படம் பார்க்கற மாதிரி கட்டம் கட்டமா நகரும். நபூ தியீட்ல டிராய்டு (ரோபோ படை) பக்கத்து எம்டிடிங்கற பெரிய படை வண்டி தெருவுல அரண்மனைக்கு வரும், அதை நிறுத்தலன்னா அடுத்து அரண்மனைக்குள்ள சண்டை, கடைசி கட்டம் சிம்மாசன அறை. ஸ்டார்ஃபைட்டர் அசால்ட் 12க்கு 12 விண்வெளி சண்டை, பண்ண விதம் அருமை, ஆனா இப்ப ஆள் கிடைக்கறது கஷ்டம். ஹீரோஸ் வெர்சஸ் வில்லன்ஸ் நாலுக்கு நாலு, முழுக்க முழுக்க ஹீரோ சண்டை. அதுல பழைய ஆளுங்க கூடு கட்டி குடியிருக்காங்க, முதல் வாரத்துல அந்தப் பக்கம் போகாதீங்க.

சரி, எப்படி ஆரம்பிக்கறது. முதல்ல கோ ஆப். நாலு பேர் சேர்ந்து ஏஐயை எதிர்த்து ஆடறது, திட்ட ஆள் இல்ல, கிளாஸ் லெவல் ஏறும், மேப் மனசுல பதியும். சில மணி நேரம் அங்க இருந்துட்டு சுப்ரிமசிக்கு வாங்க.

கிளாஸ்ல அசால்ட் எல்லாரும் எடுப்பாங்க, வேகமா ஓடும், ஸ்கேன் டார்ட் இருக்கு, கிரனேடு இருக்கு. ஹெவி முன்னாடி கேடயம் போட்டுக்கிட்டு நிக்கலாம், கமாண்ட் போஸ்ட்டை பிடிச்சுக்கிட்டு நிக்க அதை மாதிரி ஒண்ணு இல்ல. ஸ்பெஷலிஸ்ட் தூரத்துல இருந்து சுடறவங்களுக்கு, ஆனா அது ஆப்ஜெக்டிவை விட்டு விலகியே இருக்க வச்சுடும், அதனால முதல்ல வேணாம். என் கணக்குல புதுசா வர்றவங்களுக்கு ஆஃபீசர்தான். அது பேட்டில் கமாண்ட் குடுத்தா சுத்தி இருக்கற கூட்டாளிக்கெல்லாம் கூடுதல் ஆரோக்கியம் ஏறும், டரெட்ங்கற தானியங்கி துப்பாக்கியை வச்சா அதுவா சுடும், ரெண்டுக்கும் பாயிண்ட் வரும். குறி சரியா வராத நாள்லயும் ஆஃபீசர் ஹீரோ வரைக்கும் போயிடுவாரு. ஸ்டார் கார்டுல பவுண்டி ஹண்டர் கார்டு கிடைச்சா போட்டுக்கோங்க, பாயிண்ட் கூடுதலா வரும்.

துப்பாக்கியில தோட்டா தீராது, சூடுதான் ஏறும். சூடு முழுசா ஏறி நின்னதும் ஒரு கோடு ஓடும், அது சரியான இடத்துக்கு வர்றப்ப பட்டனை அழுத்தினா உடனே ஆறிடும், தப்பான இடத்துல அழுத்தினா காத்திருக்கணும். இது ஒரு சின்ன விஷயமா தெரியும், ஆனா நேருக்கு நேர் சண்டையில பாதி உயிர் இதுலதான் போகும் வரும். கோ ஆப்ல கை பழகற வரைக்கும் இதை மட்டும் பண்ணிப் பாருங்க.

செத்தா ஸ்குவாடுல இருக்கற ஆள் பக்கத்துலயே மறுபடி வரலாம் (ஸ்பான்), பண்ணுங்க. எத்தனை பேரு தனியா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓடிட்டு பாயிண்டே வரல, ஹீரோவே கிடைக்கலன்னு வருத்தப்படறாங்க. ஸ்குவாடு கூட நின்னா ஒவ்வொரு கில்லுக்கும் கூடுதல் பாயிண்ட், அது சொட்டு சொட்டா சேர்ந்து ஒரு ஹீரோ விலை ஆயிடும்.

ஹீரோவா இறங்கினதும் பண்ற பெரிய தப்பு, நேரா கூட்டத்துக்குள்ள ஓடறது. லைட்சேபருக்கு (ஒளி வாள்) ஒரு ஸ்டாமினா பார் இருக்கு, வெட்ட வெட்ட, தடுக்க தடுக்க அது காலியாகும், காலியானதும் 20 பேரு ஒரே நேரத்துல சுட்டா வேடரும் நிமிஷத்துல விழுவாரு. மூலையில, கதவுக்குப் பின்னாடி, படிக்கட்டுல நின்னு வர்றவனை வெட்டுங்க. தடுக்கறதுல ஓபி வான் கெட்டிக்காரரு. சேபர் கையில நிக்கலன்னா சூபாக்காவோ பாஸ்க்கோ எடுங்க, சுடற ஹீரோங்க, ஏற்கனவே பழகின கைதான். ஹீரோ உடம்போட ஆப்ஜெக்டிவ்ல நில்லுங்க, இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். வேடர் நிக்கற இடத்துக்கு எதிரி வர யோசிப்பான், உங்க சிப்பாய்ங்க தைரியமா வருவாங்க, மேட்ச் அங்க திரும்பும்.

குறையும் சொல்லிடறேன். வேற வேற மெஷின்ல இருக்கறவங்க சேர்ந்து ஆடற கிராஸ் பிளே இல்ல, பிசில ஒரு கூட்டம், கன்சோல்ல வேற கூட்டம். பிசில ஹேக்கர் தொல்லை இருக்கு, அப்டேட் நின்ன கேம்ல அதை முழுசா அடக்க ஆள் இல்ல, அப்படி ஒரு லாபியில மாட்டினா வெளிய வந்து வேற மேட்ச் தேடறதுதான் வழி. பிசி ஆளுங்க கைபர்னு ரசிகர்களே கட்டின ஒரு வழியில தனி சர்வர் போட்டு, ரசிகர்கள் பண்ண மாத்தங்களை (மாட்) எல்லாம் சேர்த்து ஆடறாங்க, கொஞ்சம் பழகினதும் அங்க போய்ப் பாருங்க. கதை மோடு ரொம்ப சின்னது, ஐடன் வெர்சியோன்னு ஒரு எம்பயர் கமாண்டரோட கதை, ஆரம்பம் நல்லா வந்திருக்கு, அந்தப் பொண்ணோட மனமாற்றத்தைத்தான் அவசரமா முடிச்சுட்டாங்க. ஒரு ராத்திரி உட்கார்ந்து முடிச்சுடலாம்.

ஆள் இருக்காங்களான்னு பயம் வேணாம். 2021 ஜனவரியில எபிக் ஸ்டோர்ல ஒரு வாரம் இலவசமா குடுத்தப்ப 1.9 கோடி பேருக்கு மேல எடுத்தாங்க. 2025ல, 2005 வருஷத்து ஸ்டார் வார்ஸ் படம் 20 வருஷ நிறைவுக்கு மறுபடி தியேட்டருக்கு வந்த சமயத்துல ஆளுங்க திரும்பி வந்து, ஸ்டீம்ல இந்த கேம் அதுவரைக்கும் பார்க்காத உச்சத்தைத் தொட்டுச்சு. அப்பவே கிட்டத்தட்ட எட்டு வருஷம் பழைய கேம், அப்டேட் நின்னு அஞ்சு வருஷம் ஆன கேம். அந்த வேகம் ஏறி இறங்கும், ஆனா சுப்ரிமசி, கேலக்டிக் அசால்ட், ஹீரோஸ் வெர்சஸ் வில்லன்ஸ் மூணுலயும் சாயங்காலத்துக்கு மேல, வார கடைசியில தேடினா மேட்ச் கிடைக்கும். தள்ளுபடி அடிக்கடி வரும், முழு விலை குடுக்க வேணாம். பழைய 2004, 2005 கேமையும் பார்க்கணும்னா ஆஸ்பைர்ங்கற கம்பெனி 2024 மார்ச்ல ஒரு கிளாசிக் கலெக்‌ஷன் விட்டாங்க, வெளியான அன்னிக்கு சர்வர் விஷயத்துல ரொம்ப சொதப்பலா இருந்துச்சு, தனியா ஏஐ கூட ஆடறதுக்கு ஓகே.

இன்ஸ்டால் ஆனதும் முதல்ல கோ ஆப்ல ஆஃபீசரை எடுங்க. அப்புறம் சுப்ரிமசி, ஜியோனோசிஸ் வந்தா விடாதீங்க, செம்மண் புழுதியில உங்களைச் சுத்தி குளோன்ங்க கத்திக்கிட்டு ஓடுவாங்க. பாயிண்டை ராக்கெட் பேக்குக்கும் டாங்குக்கும் செலவு பண்ணாம முதல் ஹீரோவுக்கு சேர்த்து வைங்க. யாரை எடுக்கறதுன்னு கேட்டா, ஓபி வான்.